சுண்ணாம்பு அடித்த கிணறு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் வரும். யார் மேல் என்று யாராவது கேட்டால்தான் வாயடைத்துப் போகும். அதனால் பேசாமல் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்து, தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்று நடத்திவந்தேன். மில் கொதிகலன்களுக்குப் போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. மாதத்தில் பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சமயத்தில்தான் சுற்றுச்சூழல் வேலைகளுக்கென்று அரசு சேலத்தில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தது. ஜனங்கள் அதைத் தண்ணி ஆபீஸ் என்றார்கள். சாயப்பட்டறைகளின் கழிவு இறங்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவர ஒப்பந்தக்காரர் வேண்டும் என்று அவர்கள் டெண்டர் விட்டார்கள்.

நிபந்தனைகள் இரண்டு பக்கம். எடுத்த தண்ணீரை அன்றே மதியம் இரண்டு மணிக்குள் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாட்டிலுக்கு அரக்கு முத்திரை வைத்து, ஊரார் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் ஓர் உறுதிமொழி: பட்டியலில் உள்ள ஊர்களில் எனக்கோ என் நெருங்கிய உறவினருக்கோ நிலமும் கிணறும் கிடையாது.

அங்கேதான் சனியன் பிடித்தது. இளம்பிள்ளைக்கு அப்பால், ஓடைக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊர் அந்தப் பட்டியலில் இருந்தது. என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் அக்கா டவுன் பஸ் ஏறி என் கூடத்துக்கு வந்திருந்தாள். மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"எங்க கெணத்துத் தண்ணி சாமி. மாடு இதையக் குடிச்சுப்போட்டு மாசம் ஆகறதுக்கு முன்னாலயே கன்னு வீசிருச்சு. தென்னையெல்லாம் காயுது. குடிக்கறதுக்கு ஒரு மைல் நடந்து மேட்டுக்காட்டுல மோந்துட்டு வாரேன். சர்க்காரு ஏதாச்சும் வழி பண்ணுனாத்தான் ஆச்சு. இல்லீனா பண்ணையத்த உட்டுப்போட்டு நாங்க எங்கயாச்சும் போக வேண்டீதுதான்."

டெண்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலை நினைத்தேன். உண்மையை எழுதினால் வேலை வேறொருவனுக்குப் போகும். பொய் எழுதினால் வேலையும் எனக்கு, அக்கா ஊரும் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். நல்ல காரணமும் கெட்ட காரணமும் ஒரே பக்கம் இழுத்தால் மனுஷன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பந்தம் கிடைத்தது. அலுவலகத்து இன்ஜினியர் இளவயதுக்காரர், வெளியூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். வேலை தொடங்குமுன் அவரே விளக்கினார்:

"இந்த வருஷத் திட்டத்துல மூணு ஊருக்குத்தான் இடம். ஓடையில கழிவுத் தொட்டி, ஊருக்குக் குடிநீர் லைன். எந்த ஊர்த் தண்ணி ரொம்பக் கெட்டிருக்கோ அதுக்குத்தான் முதலிடம். அடுத்த திட்டம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அதனால நீங்க கொண்டு வர்ற பாட்டில்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அக்கா கிணற்றை மிஞ்ச எந்த ஊரால் முடியும்?

அக்காவுக்குத் தகவல் சொல்லப் போனேன். என்ன சொன்னேன்? "வர்ற வியாழக்கிழமை காலைல ஆபீசர் உங்க கெணத்துத் தண்ணியப் பாக்க வர்றார். நானும் வருவேன். என்னைத் தம்பின்னு கூப்பிட்டுராதே. யாரோ எவரோன்னு இரு. மச்சான்கிட்டயும் சொல்லி வை." இவ்வளவுதான். கெட்ட தண்ணீருக்குத்தான் முதலிடம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஊர் பூராவும் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேள்வி வரும், என் கையெழுத்து சந்தி சிரிக்கும். தவிர, சொல்வதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர்தான் சிவப்பாகக் கிடக்கிறதே, குருடனுக்குக்கூடத் தெரியுமே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஜீப் அந்த ஊருக்குள் நுழைந்தது. பாதையெல்லாம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மச்சான் வெள்ளை வேட்டி கட்டி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு தடத்தில் நின்றார். கிணற்று மேட்டில் கோலம் போட்டிருந்தது. கிணற்றுக்குக் கோலம்!

எட்டிப் பார்த்தேன். அடக் கெரகமே! சுற்றுச் சுவரில் ஆள் உயரத்துக்குப் படிந்திருந்த சாயக்கறை எங்கே போயிற்று? உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கீழே தண்ணீர், கடைசிப் படி தெரிகிற தெளிவில் நின்றது. மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து வந்த வாய்க்கால் இன்னும் ஈரம் காயவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்த தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்துவிட்டு, மேட்டுக்காட்டுக் கிணற்று நல்ல தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் யார் படியேறினாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்த பிறகுதான் என்ன ஏது என்று கேட்பார்கள். பகையாளிக்கும் அந்த மரியாதை உண்டு. தண்ணீரைப் பார்க்கவென்றே ஓர் ஆபீசர் வருகிறார் என்றால் அந்த ஊர் வேறென்ன செய்யும்? இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானும் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்தவன்தானே.

அக்கா அந்தத் தண்ணீரையே பித்தளைச் சொம்பில் மொண்டு வந்தாள். இன்ஜினியருக்குக் கொடுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"குடிங்க சார். நல்ல தண்ணிங்க."

என் கூடப்பிறந்தவள் என்னை 'சார்' என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம். வாங்கிக் குடித்தேன்.

இன்ஜினியர் ஒன்றும் முட்டாள் அல்ல. தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஓலை நுனியெல்லாம் கருகியிருந்தது.

"மரம் ஏன் இப்படி இருக்கு?"

"வெயிலுங்க. இந்த வருசம் வெயிலு சாஸ்தியுங்க" என்றார் மச்சான்.

"கிணத்துத் தண்ணி எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

மச்சான் பெரியவர்களைப் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்தப் பக்கத்துக்காரர்தானே, என்ன சொல்றீங்க?"

ஒரே ஒரு வார்த்தை. 'இல்லை சார்' என்றால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதாக இருக்கும். அதற்கடுத்து என் உறுதிமொழி வெளியே வரும். ஒப்பந்தம் போகும், இனி எந்த அரசு டெண்டரிலும் கால் வைக்க முடியாது. பாட்டில் மூடியைத் திறந்து மூடினேன்.

அதற்குள் அக்காவே சொல்லிவிட்டாள்: "எப்பவும் இப்படித்தானுங்க. எங்கூர்த் தண்ணிக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க."

பாட்டிலை நிரப்பினேன். அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். முதல் சாட்சியாக மச்சானும் இரண்டாவதாக அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பேரை எழுத நான்தான் சின்ன வயதில் கற்றுக்கொடுத்தேன்.

திரும்பும்போது ஐஸ் பெட்டி என் மடியில் இருந்தது. இரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது, பெட்டி கை மாறும்வரை சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டையாம்பட்டிப் பக்கம் இன்னும் இரண்டு ஊரில் தண்ணீர் எடுத்தோம். அங்கே யாரும் கோலம் போட்டிருக்கவில்லை. தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"சார்..." என்றேன் ஒரு திருப்பத்தில்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. ஐஸ் கரையுது. கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க."

ஒன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் பெட்டியை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். அதோடு முடிந்தது.

அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். முதல் மூன்று ஊர்களில் அக்கா ஊர் இல்லை. கீழே, கீழே என்று விரல் வைத்துப் பார்த்தேன். கடைசியில் இருந்தது. எதிரே 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதியிருந்தது. இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, வேலையைச் சுத்தமாகச் செய்தீர்கள், அடுத்த டெண்டருக்கும் எழுதிப் போடுங்கள் என்றார். எழுதிப் போட்டேன். அதுவும் கிடைத்தது.

அக்கா வீட்டுக்குப் போக எனக்கு வெகுநாள் தைரியம் வரவில்லை. போனபோது தொழுவம் காலியாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் பழையபடி சிவந்து, சுண்ணாம்புச் சுவரிலும் கறை ஏறியிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். சொம்பு வரவில்லை. அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மேட்டுக்காட்டுக் கெணறும் வத்திப்போச்சு சாமி. ஊட்டுல இருக்கற தண்ணிய உனக்குக் குடுக்க மனசு வல்ல. மச்சான் கடைக்குப் போயிருக்காரு, கலரு சோடா வாங்கியாரதுக்கு."

"அதெல்லாம் எதுக்குக்கா?"

"நாங்க பண்ணுன கோளாறு தம்பி. ஊருசனமெல்லாஞ் சேந்து ரண்டு நாளு இறைச்சோம். ஆபீசரு கண்ணுக்கு நல்ல ஊராத் தெரிஞ்சாத்தான் லைன் குடுப்பாங்கன்னு நெனச்சோம். கெட்ட தண்ணிக்குத்தான் மொத எடம்னு இப்பத்தான் சொல்றாங்க." அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். "நீ மனசு நோகாத கண்ணு. உனக்கு மட்டும் முன்னாலயே தெரிஞ்சிருந்தா சொல்லாமயா இருந்திருப்ப?"

மச்சான் கலர் பாட்டிலோடு வந்தார். அது ரோஸ் கலர். உடைத்துக் கையில் கொடுத்தார்.

"ஆமாக்கா, எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன்.