பீலியில் போத்தல் பிடித்தவர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எங்கள் இருபது வீட்டுக்கும் மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து கொட்டுகிற ஒரே பீலித் தண்ணீர்தான். பக்கத்துத் தேயிலை மலையில் அறுபது குடும்பங்களுக்கு மாடி வீடு கட்டப்போவதாகச் சொல்லி, ஆடி மழையில் ஒருவர் அளக்க வந்தார்.

ஒல்லியான மனிதர், காதில் பென்சில். யார் என்ன கேட்டாலும் முகம் பார்க்காமல் நாடாவைச் சுருட்டுவார். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"மலையெல்லாம் அளந்தீங்க தொரை, அத்தன பேருக்கும் தண்ணி பத்துமான்னு அளந்தீங்களா?"

"அது என் வேலை இல்லீங்கம்மா."

"குடத்தோட வரிசையில நிக்கிறது மட்டும் எங்க வேலையா?"

அவர் போய்ப் பீலியில் ஒரு போத்தலைப் பிடித்தார். அது நிறையும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்தார்.

"மழையில யாரு புடிச்சாலும் ரொம்புங்க. மாசி வெயில்ல வந்து புடிங்க" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கொப்பியில் ஏதோ எழுதிச் சட்டென்று மூடினார். என் பேச்சை எழுதினாரா, போத்தல் நிறைந்த கணக்கை எழுதினாரா? இன்னும் விளங்கவில்லை.

போதும் பேத்தி, எழுதினத வாசி. நான் சொன்னதத்தான் எழுதுனியான்னு பாக்கணும்.