வண்டிக்காரி

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் அவளுக்கு வண்டிக்காரி என்று பெயர் வைத்தவர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். கீழ்த்தளத்தில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் எல்லா வீட்டுக் கார்களும் நிற்க, அவள் வீட்டுக் கட்டம் மட்டும் வெறுமனே கிடந்தது. அதில் குழந்தையின் தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒருநாள் போய்க் கேட்டாள். மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் பதிலுக்குச் சிரித்து வைத்தாள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாதவளுக்குக் கேலியும் ஒரு பேச்சுதான்.

இந்த நகரத்துக்கு வருமுன் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். ஆளின் மூக்கைப் பார்த்தே எந்த ஃபிரேம் நிற்கும், எது சரியும் என்று சொல்லிவிடுவாள். கணவனுக்கு இங்கே வேலை கிடைத்தபோது பெரியவள் கைக்குழந்தை. பிறகு சின்னவன் பிறந்தான். இரண்டையும் யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? போன வேலை போனதுதான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளெல்லாம் அவன் தயவில் ஏறி இறங்கின. அவர்கள் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் வேறு கம்பெனியின் பொறுப்பு. துணி அலமாரி அளவுதான் இருக்கும். தள்ளுவண்டி விரித்தபடி உள்ளே நுழையாது. சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்து, வண்டியைக் காலால் தட்டி மடக்கி, காய்கறிப் பையை முழங்கையில் மாட்டி, பெரியவளைச் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி மேலே போவார்கள். பாலர் பள்ளிக்குப் பெரியவளைக் கொண்டுவிட ஒரு தரம், கூட்டிவர ஒரு தரம், பால் தீர்ந்துபோனால் இன்னொரு தரம்.

வேலையில் கஷ்டம் தெரியவில்லை. மௌனம்தான் தாங்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்தால், "கடையில ஆள் நிக்குது, அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிடுவாள். மதியம் குழந்தைகள் தூங்கும்போது குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும். கணவனிடம் சொல்லவென்று பகலெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பாள். சின்னவன் முதல் பல்லால் பெரியவளைக் கடித்தது, எதிர்வீட்டுப் பால்கனியில் ஒருவர் செடியோடு பேசிக்கொண்டிருந்தது. அவன் வருவான். ஊராரோடு கத்திக் களைத்து வந்தவனுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்காமலிருந்தால் போதும். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தன் சேதிகளெல்லாம் அற்பமாகத் தோன்றும். சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வாள்.

பள்ளி வாசலில் பெரியவளின் தோழியின் அம்மா ஒருத்தி பழக்கமானாள். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுவாள், நல்லவள். மகளின் பிறந்தநாளுக்கு அழைத்தாள். "பக்கம்தாங்க, பத்து நிமிஷம்" என்றாள். அந்தப் பத்து நிமிஷம் காரின் கணக்கு. பஸ்ஸில் போனால் நடுவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும், மதியமெல்லாம் போய்விடும். போன தரம் இதேபோல் வேறொருத்தி கூப்பிட்டபோது, சின்னவனுக்குச் சளி என்று பொய் சொல்லித் தப்பித்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கூப்பிடவேயில்லை. இந்தத் தடவை போயே தீருவது என்று முடிவு செய்தாள். கணவனுக்கு அன்று டியூட்டி.

பெரியவளுக்குப் புது கவுன் போட்டு, பரிசை வண்டியின் அடித்தட்டில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. மாற வேண்டிய நிறுத்தம் வந்தது. வண்டியோடு பின்னோக்கி இறங்கினால்தான் சக்கரம் படியில் மாட்டாது. "அம்மா பின்னாடியே வாடா" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். யாரோ முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆட்களின் கால்களுக்கிடையே அந்தக் கவுனின் நிறம் தெரிந்தது. பஸ் நகர்ந்தது.

அவள் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினாள். கத்தினாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நடைபாதையில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னவன் அதை விளையாட்டென்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தான். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அவள் நிற்காமல் அடுத்த நிறுத்தம்வரை ஓடினாள்.

அடுத்த நிறுத்தத்தின் பெஞ்சில் ஒரு முனையில் பெரியவள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் சட்டையெல்லாம் வெள்ளைப் பெயின்ட் தெறித்த ஓர் ஆள், ரோலர் கம்பை முழங்காலில் கிடத்தியபடி.

அவள் மகளை வாரி அணைத்தாள். பெயின்டர் எழுந்து நின்றார்.

"டிப்போவுல கொண்டுபோய் விடறேன்னாரு டிரைவர். எப்படியும் பின்னாலயே ஓடி வருவீங்கன்னு நான் பாப்பாவோட இறங்கிட்டேன்" என்றார். "அழவேயில்ல. அம்மா பேரு என்னன்னு கேட்டேன், அம்மான்னுச்சு. வீடு எங்கன்னேன், மேலன்னுச்சு."

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். அவர் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "நான் தள்ளித்தாங்க உக்காந்திருந்தேன். பாக்கறவங்க ஏதாவது நினைச்சுக்குவாங்க" என்றார்.

எவ்வளவோ சொல்ல இருந்தது. ரொம்ப நன்றிங்க என்பது மட்டும் வந்தது. அவருடைய பஸ் வந்துவிட்டது. கம்பைச் சாய்த்துப் பிடித்து ஏறிப் போய்விட்டார். அன்று அவர் வேலைக்குத் தாமதமானாரா, யாரிடமாவது பேச்சு வாங்கினாரா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவில்லையே என்று பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

விருந்துக்குப் போகவில்லை. மூவரும் வீடு திரும்பினார்கள்.

கணவன் வந்ததும், அவன் முகத்தைப் பார்க்காமலே, முதல் தடவையாக முழுவதையும் சொன்னாள். அவன் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தான்.

"ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"பண்ணி? எங்கயாவது லிஃப்ட் கூண்டு மேல நின்னுட்டிருப்பீங்க. உடனே வந்துடவா முடியும்?"

அவன் கையைக் கழுவினான். எழுந்து போய்த் தூங்குகிற மகளின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து, இனிமேல் அவளை முதலில் இறக்கிவிட்டு வண்டியை இறக்கு என்றான். அவளும் அதையேதான் தீர்மானித்திருந்தாள். இருந்தாலும் கேட்க நினைத்தது அதுவல்ல. வேறென்ன கேட்க நினைத்தாள் என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மறுநாள் கார்க்காரத் தோழி, ஏன் வரவில்லை என்று கேட்டாள். இந்தத் தடவை அவள் பொய் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். "பஸ்ஸிலயா வந்தீங்க? சொல்லியிருந்தா நான்..." என்று தொடங்கியவள் காரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இருந்தது அவள் மகளுக்கான ஒரேயொரு குழந்தை இருக்கை; இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு வழியில்லை. வாக்கியம் பாதியில் நின்றது. அதற்குப் பிறகும் வாசலில் பார்த்தால் சிரிப்பாள், நலம் விசாரிப்பாள். சாவி விரலில் சுழலும்.

அப்புறம் கொஞ்ச காலம் அவள் பஸ் ஏறவில்லை. பள்ளிக்கும் கடைக்கும் நடந்தே போனாள். அவர்களுடைய ஊர் அந்த நாலைந்து தெருவுக்குள் சுருங்கிப்போனது. ஒரு விடுமுறை நாளில் பெரியவள் ஜன்னலில் நின்று, "அம்மா, பஸ்ல போலாமா?" என்றாள்.

"எங்கடா?"

"சும்மா."

போனார்கள். கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று திரும்பிக் கேட்டார்.

"ஏறின இடத்துலயேங்க."

அவர் அவளையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். பெரியவள் சீட்டில் மண்டியிட்டுக் கண்ணாடியில் ஊதி ஊதி ஏதோ வரைந்தாள். சின்னவன் தூங்கிவிட்டான். வெளியே ஷெட்டில் யாரோ ஒரு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் தகரத்தில் அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, பஸ் கிளம்பட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.