நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கல்

மரக்காணம் உப்பளம் பக்கம் பழைய கல்வெட்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு எங்கள் வரலாற்றுக் குழு தேடிப் போனது. காலை முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. பசியோடு சாலையோரக் கல் ஒன்றில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

ஜேசிபி டிரைவர் வந்தார். "சீக்கிரம் எழுந்திரிங்கம்மா, இந்தக் கல்ல ஒடச்சி ரோட்டுக்குப் போடணும்."

அவசரமாகக் கை கழுவினேன். தண்ணீர் பட்ட இடத்தில் எழுத்துகள் தெரிந்தன!

"அண்ணே, கிட்ட வராதீங்க!" என்று கத்தியபடி கல்மேல் படுத்தேவிட்டேன். அவரும் குனிந்து பார்த்து, "அய்யய்யோ, இதப் போயா ஒடைக்க இருந்தேன்?" என்று பதறினார். அவரே ஜேசிபியால் அலுங்காமல் தூக்கி, ஊர்க் கோயில் வாசலில் இறக்கிவைத்தார். ஊரே கூடி எங்களுக்குச் சால்வை போர்த்தியது.

இப்போதெல்லாம் எந்தக் கல்லிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே உட்காருகிறேன். ஈரச் சேலையோடுதான் பஸ் ஏறுகிறேன், ஆனால் நிமிர்ந்து ஏறுகிறேன்.