எந்தக் கார்னர்?

அந்தப் போன் வந்தபோது மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நர்ஸாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பேசியவர் ரைட்டர், தோட்டத்து ஆட்களுக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுப்பவர். “சிஸ்டருங்களா, கார்னர்ல உக்காந்திருக்கேனுங்க. நெஞ்சு நொம்ப அடைக்குதுங்க” என்றார். லைன் அறுந்துபோயிற்று. திருப்பி அழைத்தேன், கிடைக்கவில்லை.

சேலத்தில் வளர்ந்த எனக்குக் கார்னர் என்றால் பஸ்ஸில் சன்னலோர சீட்டு. ஜீப் டிரைவர் யோசிக்கவே இல்லை. “பஸ் நிக்கற முக்குல டீக்கடை இருக்குதுங்களே, அதானுங்க கார்னர்” என்று வண்டியைக் கிளப்பினார். கடைக்காரரோ கையை விரித்தார். “ரைட்டரு இன்னைக்கு வரவே இல்லீங்க. ரோட்டு வளைவச் சொல்லியிருப்பாருங்க.” வளைவுக்குப் போனோம். பட்டப்பகலிலேயே பத்தடிக்கு அப்பால் மூடுபனி. இறங்கி அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டியது. எந்தப் பக்கம் நடக்கிறேன் என்பதே தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து காபிப் பழம் பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அவுரு கார்னருன்னா வேலிமூலைங்க, கண்ணு. அங்கதான் நாளைக்குக் கன்னு நடறாங்க, குழி பாக்கத் தனியாப் போயிருப்பாருங்க” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தோட்டத்தின் கோடியில், சில்வர் ஓக் மரத்தடியில் அவர் சாய்ந்து கிடந்தார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. நாடித் துடிப்பு இருந்தது. நாக்குக்கடியில் மாத்திரை வைத்து, மடியில் தலையைத் தாங்கியபடி மலையிறங்கினேன். சேலம் போய்ச் சேரும்வரை அவர் கண் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். தேடியலைந்ததில் போன நேரத்தை யார் தொலைத்தது, டிரைவரா, கடைக்காரரா, நானா என்று இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. இப்போது யார் போன் செய்தாலும், பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்காமல் கிளம்புவதில்லை.

இரண்டு மாதம் கழித்து, மெலிந்துபோய், ரைட்டர் மாத்திரை வாங்க வந்தார். மகிழ்ச்சியை மீறிக் கோபம்தான் வந்தது எனக்கு. “ஏனுங்க, வேலிமூலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“இங்க வேற கார்னர் ஏதுங்க, சிஸ்டர்?”