கோரிமேடு ஏறாத கார்

கிளட்ச் கருகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அதோடு கொஞ்சம் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்தியது மாதிரி... மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழியில், கோரிமேடு ஏற்றத்தில், அந்த வாசனை காருக்குள் நிறைந்தது. ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா. பின்சீட்டில் பிள்ளைகள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டி ஏறவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போனவர் சும்மா போகாமல் திரும்பி வேறு பார்த்தார்!

"கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டினா கருவாம இன்னா பண்ணும்?" என்றார் மாமா.

மாமா பிரெஞ்சுப் படையில் லாரி ஓட்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அந்தப் படைக்காரர்களை 'சொல்தா' என்போம். உப்பளத்து வீட்டு ஹாலில் அவருடைய மெடல்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. எப்படியோ வீடு வந்து சேர்ந்ததும் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ வண்டிய எடுக்க வேணாம், விஜி."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வீட்டுக்காரர் பிரான்சில் வேலையில் இருந்தார். எனக்கு அப்போதுதான் லாசுப்பேட்டையில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளை ஒரு மூலையில் இறக்கிவிட்டு இன்னொரு மூலையில் இருக்கும் என் ஸ்கூலுக்கு மணி அடிப்பதற்குள் போக வேண்டும். கார் இல்லையென்றால் வேலை இல்லை. சாவி போனால் எல்லாம் போச்சு.

உட்கார்ந்து யோசித்தேன். டிரைவிங் ஸ்கூலில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்... கிளட்ச் பெடல் முதலில் கொஞ்சம் சும்மா இறங்கும், அப்புறம்தான் கனம் தெரியும் என்று. எங்கள் வண்டியில் கொஞ்ச நாளாகவே கால் பட்டதும் கனம். காலை மொத்தமாக எடுத்த பிறகுதான் வண்டி கிளம்பும். நம் டவுன்தான் தோசைக்கல் மாதிரி சமதளமாயிற்றே, தேய்ந்த கிளட்ச்சோடு எத்தனை நாள் ஓட்டினாலும் தெரியாது. கோரிமேடு காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, பெடல் ஏன் அப்படி ஆனது? எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஸ்பேனரோடு பானெட்டுக்குள் தலையை விடுகிறவர் ஒரே ஒருவர்தான்...

மறுநாள் காலையில் மாமாவிடம் போய் நின்றேன். "என் கால்தான் காரணம்னா நான் சாவியே கேக்க மாட்டேன் மாமா. ஆனா பிரிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க."

அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, முத்தியால்பேட்டையில் சேகரின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். மாமாதான் ஓட்டினார், மெதுவாக.

சேகர் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். "ஹேண்ட் பிரேக் போடுக்கா. இப்ப மூணாவது கியர். அப்டியே கிளட்ச்ச விடு."

நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உதறிக்கொண்டு நின்றுவிட வேண்டும். எங்களுடையது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"பிளேட் போயிடுச்சு," என்றான்.

மத்தியானத்துக்குள் கியர்பாக்ஸை இறக்கிவிட்டான். பிளேட்டின் மேல்பூச்சு மொத்தமும் தேய்ந்து, ரிவெட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. "பாத்தியா? காலு!" என்று மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சேகர், அந்த கேபிளயும் கொஞ்சம் பாரேன்," என்றேன்.

குனிந்து பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான். "யாருக்கா நட்ட இந்தக் கடைசி வரைக்கும் திருகினது? கொஞ்சம்கூட பிளே இல்ல, பெடல் சும்மா இறங்க இடமே இல்ல. யாரும் கால் வெக்காமலே கிளட்ச் பாதி அமுங்கினு இருந்திருக்குது. அப்புறம் தேயாம?"

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

மாமா தொண்டையைச் செருமினார். "நான்தான்," என்றார். "லாரில பெடல் மேலயே புடிக்கும். அந்தப் பழக்கத்துல நட்ட இறுக்கிட்டேன்."

தவறைச் சபையில் ஒத்துக்கொள்வது சொல்தாவுக்குச் சாதாரண விஷயமா? அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றினான் சேகர். சாயங்காலம் வண்டி தயார். மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"கோரிமேட்டுக்கு வுடு. ஏறுதா பாப்போம்."

ஏறியது! ஒரு முனகல் இல்லாமல், முந்தின நாள் சைக்கிள்காரர் என்னைத் தாண்டிய அதே இடத்தில் ஒரு வேனையே தாண்டினேன். "த்ரே பியேன்!" என்று டாஷ்போர்டைத் தட்டினார் மாமா. பிரெஞ்சில் ரொம்ப நல்லது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

இப்போது என்னிடம் இருப்பது ஆட்டோமேட்டிக். கிளட்ச் பெடலே கிடையாது. கோரிமேடு ஏற்றம் என்பதே மறந்துபோகிற அளவுக்குச் சுகம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனக்கு என்ன கோளாறு என்று இந்தக் கார் என்னிடம் சொல்வதில்லை, நேராக சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்கிறது.

மாமாவும் இன்று இல்லை. அவருடைய மெடல்கள் அதே ஹாலில், அதே இடத்தில். பக்கத்தில் அந்தப் பழைய கிளட்ச் பிளேட்.

ஆமாம், சேகரிடம் அன்றே கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, ஆணி அடித்து அதை மாட்டியவர் மாமாவேதான். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், இது என்ன கண்றாவி என்று கேட்பார்கள். மாமா மீசையை நீவிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"அதெல்லாம் நான் வாங்கின மெடல். இது எங்க மருமவ வாங்கினது."