பொம்மருக்குத் தையல் போட்ட வெள்ளிக்கிழமை

2004 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை புஜைராவுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, தைக்க. வளைகுடாவில், சத்வாவில் நான் வேலை செய்யும் தையற்கடையின் முதலாளிக்கு முதல்நாள் ஒரு அழைப்பு வந்திருந்தது. புஜைரா விமான நிலையத்தில் ஒரு பழைய விமானம் நிற்கிறது, ஏணி இடித்து வால்துணி கிழிந்துவிட்டது, கைத்தையல் தெரிந்தவன் வேண்டும் என்றார்களாம். விமானத்தில் ஏது துணி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் காலத்து விமானங்களின் வாலில் அசையும் பாகங்களுக்குத் துணிதான் போர்த்துவார்களாம். என் விசா புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளி. வாயைத் திறக்காமல் கிளம்பினேன்.

காலை 5.40க்குக் கடை வேனில் புறப்பட்டோம். ஓட்டியவர் கீழக்கரை சுலைமான் காக்கா. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், கடையில் எல்லோருக்கும் அவர் காக்காதான். வழியில் தைத் என்ற ஊரில் பரோட்டாவும் தேநீரும், இருவருக்கும் சேர்த்து ஐந்து திர்ஹம். மசாஃபியைத் தாண்டியதும் மலைக்குள் வளைவுகள் அதிகம், வயிறு சரியில்லாதவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். 130 கிலோமீட்டர், 7.30க்குச் சேர்ந்துவிட்டோம்.

விமானத்தைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. இரண்டு எஞ்சின், பருத்த வயிறு, வயிற்றின் அடியில் நீளமாக இரண்டு கதவுகள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொம்மர் என்று சொல்வது குண்டு போடும் இந்தச் சாதியைத்தான். அந்த வயிற்றுக் கதவு திறந்துதான் குண்டு விழும். தொண்ணூறுகளில் அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டுப் பங்கர் குழிக்குள் ஓடுவோம். ஒருநாள் என் தங்கச்சி ஓடி வந்து சேரவில்லை. அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

அதன் பைலட் எழுபது வயது வெள்ளைக்காரர். அவருடைய தகப்பன் உலகப்போரில் இதேபோன்ற ஒன்றில் போய்த் திரும்பாதவர். உள்ளே கதவோரம் ஒரு பித்தளைத் தகட்டில் தகப்பனோடு போன ஐந்து பேரின் பெயர்கள். சில நண்பர்களோடு சேர்ந்து, ஓய்வூதியத்தைக் கொட்டி, அவர்களுடைய நினைவாக இதை நாடு நாடாகப் பறக்க வைக்கிறார். தகட்டை அவர் கைக்குட்டையால் துடைத்தபோது எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்களுடைய மெக்கானிக்கின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதனால்தான் என்னைத் தேடியிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல, வளைந்த ஊசியில் மெழுகு நூல் கோத்து, அங்குலத்துக்கு நான்கு தையலாகப் போட்டேன். கிழிசல் இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. பாதி முடிந்திருக்கும், யாரோ மூன்று சாக்குகளைக் கொண்டுவந்து விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றினார்கள். சிவப்புக் காகிதப் பூக்கள். அன்று அங்கே ஒரு நினைவு நிகழ்ச்சி, நான்கு மணிக்குத் தாழப் பறந்து, கதவைத் திறந்து, கூட்டத்தின் தலைமேல் கொட்டப் போகிறார்களாம்.

ஊசியைத் துணியில் குத்திவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.

"என்னப்பா, பாதியில எறங்கிட்டே?" என்று காக்கா ஓடிவந்தார்.

"அந்தக் கதவைத் திறக்கிறதெண்டா நான் தைக்கமாட்டன், காக்கா."

"மொரண்டு புடிக்காதே. மொதலாளி காதுக்குப் போனா கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாரு. ஒனக்கு விசா வேணுமா, வேணாமா?"

"வேணும். அதுக்காக இதைச் செய்யேலாது."

பைலட் வந்தார். என் சத்வா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அது வெறும் பூ. இறந்தவர்களுக்கான மரியாதை" என்றார்.

"கீழ நிக்கிறவனுக்குப் பூவெண்டு எப்பிடித் தெரியும்? உங்கட அப்பா மேல இருந்தவர். நான் கீழ நிண்டனான்" என்றேன்.

தங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். வயது ஒன்பது என்று சொன்னேன். பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் குனிந்து அந்தக் கதவுகளின் அடியில் போய் நின்று மேலே பார்த்தார். பிறகு சாக்குகளை இறக்கச் சொன்னார். நிகழ்ச்சி நடத்தும் ஆள் குதித்தார், அழைப்பிதழில் அச்சடித்தாயிற்று என்றார். "விமானம் என்னுடையது" என்று பைலட் முடித்துவிட்டார். நான் ஏறி மிச்சத்தைத் தைத்தேன். மெக்கானிக் ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்து, மேலே ஒட்டுத்துணி வைத்துப் பூச்சடித்தார். அது காயவே மதியம் தாண்டிவிட்டது.

நான்கு மணிக்கு அது கூட்டத்தின் மேலே தாழ வந்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்தது. குப்புறப் படு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. காக்கா என் தோளைப் பிடிக்க வந்தார், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். கதவுகள் மூடியே இருந்தன. நிமிர்ந்து நின்று, அது கடல் பக்கம் போய் மறையும்வரை பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: எங்கள் நகரத்துத் தேராவிலிருந்து மினிபஸ் 25 திர்ஹம். திரும்பும்போது அந்த பஸ் ஆள் ஏற்றாது, டாக்சியில் மற்றவர்களோடு சேர்ந்து வாருங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், அங்கே நிழல் கிடையாது. நினைவுச்சின்னம் என்று யார் எதைக் காட்டினாலும், மேலே போனவர்களின் பெயர்களைப் படித்துவிட்டு, கீழே இருந்தவர்களின் பெயர்கள் எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

முதலாளி மூன்று நாள் கத்தினார், பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டிருக்காவிட்டாலும் இதை எழுதியிருப்பேன், யாழ்ப்பாணத்திலிருந்து. துணி மறுபடி கிழிந்தால் அந்தப் பைலட் என்னைக் கூப்பிடலாம். கதவு மூடியிருக்கும் என்றால் கூலி வேண்டாம்.