டிக்கெட்டக்கா படகு பார்த்த நாள்

டிக்கெட்டக்கா வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள், "என்னங்க, வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. கேட்கத்தான் தோன்றும். கூடத்தில் அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் வழிதான் இருக்கும். சோபாவைத் தாண்டினால் சாப்பாட்டு மேசை, அதை ஒட்டித் தையல் மெஷின், அதன் முதுகில் இடித்துக்கொண்டு இன்னோர் அலமாரி. அவ்வளவு பெரிய வீட்டில் மனிதர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். மகள் வரும்போதெல்லாம் முட்டியை இடித்துக்கொண்டு, "குடோன்ல குடும்பம் நடத்துறீங்க" என்று திட்டிவிட்டுப் போவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓடுகிற ரயிலில் எதையும் பிடிக்காமல் பெட்டிக்குப் பெட்டி நடப்பாள். வளைவில் பயணிகள் எல்லாரும் ஒரு பக்கம் சரிய, இவள் மட்டும் நட்டு வைத்தது போல நிற்பாள். "டிக்கெட்?" என்று அவள் கை நீட்டினால், எடுக்காதவன் கழிப்பறையைத் தேடுவான், எடுத்தவனே ஒருமுறை பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதுக்குள்ளும் இருந்த சமநிலையைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அது இனித் திரும்பாது, காது பார்த்த வேலையைக் கண்ணும் கையும்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் அப்படி நின்றவள், வீட்டில் குளியலறைக்குப் போகச் சுவரைத் தேடினாள். சுவர் இல்லாத இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீடு குடோன் ஆனது இப்படித்தான். வேலை ஆபீஸ் மேசைக்கு மாறியது, பிறகு ஓய்வும் வந்தது. "டிக்கெட்?" என்ற அந்தக் கேள்வி மட்டும் அந்த வீட்டில் பிறகு யார் வாயிலும் வரவில்லை.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரம் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டப் போய்விடுகிற பைத்தியம். கடையை விட்டதும் வருஷத்தில் பாதி நாள் இருவருமாகக் கடலில், படகிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அக்காவுக்கும் அதே ஆசைதான். அவள் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

எந்தப் படகு என்பதில்தான் சிக்கல். அவர் ஓட்டிப் பழகியது ஒற்றை உடல் படகு. ஒல்லியானது, காற்று பிடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடும். அந்தச் சாய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மற்றது கேட்டமரான். நம் கட்டுமரம்தான் ஊரெல்லாம் சுற்றிப் பேரை மாற்றிக்கொண்டு, இரண்டு உடலும் நடுவில் ஒரு கூடமுமாகப் பெரிய மனுஷத் தோரணையில் திரும்பி வந்திருக்கிறது. அது சாயாது. வீட்டில் இரண்டுக்கும் ஒத்தை, ரெட்டை என்று பேர்.

"ரெட்டைதான் வாங்கணும்," என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. "ஒத்தை யாருக்கு வேணும்? சாய்ஞ்சு சாய்ஞ்சு இடுப்பு வலிதான் மிச்சம்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொய் சொன்னால் கண்ணாடியைத் துடைப்பார். அன்று துடைத்த துடைப்பில் அது தேய்ந்து போகாதது அதிசயம்.

மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா ஒரு தடவை விழுந்தா போதும், படகுப் பேச்சையே மூட்டை கட்டிடணும். நடுக்கடல்ல எலும்பு முறிஞ்சா யாரு தூக்குவா?" அதில் நியாயம் இருந்தது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மூவரும் படகு பார்க்கப் போனபோது தரகர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். விலைக்கு வந்த ஒத்தையும் ரெட்டையும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்தன. எதில் முதலில் ஏறுவது என்ற கேள்வியே எழவில்லை. "இதுல ஏறினா தண்ணில இருக்கோம்னே தெரியாதும்மா," என்று ரெட்டையைக் காட்டினார். பொய் இல்லை. கல்யாண மண்டபம் போல அகலமான கூடம், சுற்றிலும் ஜன்னல், வழவழவென்ற தரை. மகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அக்கா வாசலிலேயே நின்று அந்த அகலத்தைப் பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து அத்தனை சாமான்களையும் எடுத்து வெளியே போட்டது போல இருந்தது.

கடலுக்குள் போனதும் படகு சாயவில்லை, சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் இரண்டு உடலுக்கும் நடுவே புகுந்த அலை, அடியிலிருந்து தரையைக் குத்தியது. வெடுக்கென்று ஓர் ஆட்டம்; அடுத்தது எப்போது, எந்தப் பக்கம் என்று தெரியாது. அக்கா ஜன்னலிலிருந்து மேசைக்குப் போக வேண்டும். பாதி வழியில் கை இடப்பக்கம் துழாவியது, வலப்பக்கம் துழாவியது. பிடிக்க ஒன்றுமே இல்லை. அடுத்த குத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

அடி ஒன்றும் பலமில்லை. "முடிஞ்சுது," என்றாள் மகள். வெற்றி பெற்றவள் குரல் இல்லை அது.

கண்ணாடிக்காரர் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "வேண்டாம்மா. வீட்டுக்குப் போயிடலாம். ஏரி இருக்கு, எனக்கு அது போதும்." மறுபடி கண்ணாடி கழன்றது.

அக்காவுக்கு அழுகை வந்தது. விழுந்ததற்கு இல்லை. இந்த மனுஷன் தன்னால் இன்னும் எத்தனை வருஷம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் வந்தது.

கரைக்கு வந்ததும், "ஒத்தையையும் பார்த்துட்டுப் போலாம்," என்றாள்.

"சாயாததுலயே விழுந்தே! சாயறதுல ஏறப் போறியா?" மகள் கத்தினாள். புருஷன் கையெடுத்துக் கும்பிடாத குறை. இரண்டு காலில் நிற்கவே சுவர் தேடுகிறவள், அன்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஒரே ஒரு சுத்து. இதுலயும் விழுந்தா நானே மூட்டையைக் கட்டுறேன்." தரகர் வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், வியாபாரத்தையும் பார்த்தார். சரி என்றார்.

ஒத்தையின் அறை கீழே இருந்தது. செங்குத்தான ஏணிப்படியில் பின்பக்கமாக இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது இடது முழங்கையில் ஏதோ பட்டது. சமையல் மேடை. வலது முழங்கையிலும் பட்டது. சுவர். தலைக்கு மேலே நீளமாக ஒரு கைப்பிடிக் கட்டை ஓடியது. இரண்டடி தள்ளி ஒரு தூண், அதை ஒட்டி விளிம்பு உயர்ந்த மேசை, அதற்கு எதிரே நீளமான இருக்கை. நடுவே ஓர் ஆள் நுழையும் வழிதான்.

"குடோன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பாய் ஏறியது. படகு மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றுவிட்டது, வளைவில் போகிற ரயில் மாதிரி. மேலே தரகர் சுக்கான் பிடிக்க, பக்கத்தில் மகள் வாளியைக் கட்டிக்கொண்டு குடலைக் கக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் குமட்டலே இல்லை. குமட்டவைக்கிற காதைத்தான் காய்ச்சல் எப்போதோ கொண்டுபோய்விட்டதே. மேடை விளிம்பில் இடுப்பைச் சாய்த்தாள். படகு அவளைத் தாங்கிக்கொண்டது.

அறையின் கோடியில் கண்ணாடிக்காரர், எந்த நொடியும் பாய்ந்து பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இதுதாங்க," என்றாள்.

"எனக்கு ஒத்தை பிடிக்கும்னுதானே இப்படிச் சொல்றே."

"இல்லைங்க."

"எனக்குத் தெரியாதா உன்னை? எனக்காக ஒண்ணும் நீ..."

அக்கா ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டாள். இடுப்பை மேடை விளிம்போடு உரசி ஓரடி, தோளைத் தூணில் கொடுத்து ஓரடி, தொடையை மேசை விளிம்பில் அணைத்து இன்னோர் அடி. படகு குலுங்கியது. இருக்கையிலிருந்த அவர் சரிந்து சுவரில் மோதிக்கொண்டார். அவள் வந்துகொண்டே இருந்தாள். இரண்டு கையும் எதையும் பிடிக்கவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, பழைய அதிகாரத்தோடு வலது கையை நீட்டினாள்.

"டிக்கெட்?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அது சும்மா காற்றில் நின்றது. படியின் உச்சியிலிருந்து வெளுத்துப்போன முகத்தோடு மகளும் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கண்ணைத்தான் துடைத்தார்.

"எடுக்கலையேம்மா," என்றார்.

"அப்ப எடுங்க," என்றாள் டிக்கெட்டக்கா. "ரெண்டு பேருக்கும்."